பேரேட்டில் ஏறாத செலவு: ஆஸ்துமாவும் நமது தொழிலும்

வணிகம் செய்யும் நாம் எல்லாச் செலவுக்கும் ஒரு தலைப்பு வைத்திருக்கிறோம். வாடகை, மின்கட்டணம், வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, எடைக்குறைவு, எலி தின்றது, வராக்கடன் என்று எதுவும் கணக்கிலிருந்து தப்புவதில்லை. ஆனால் கடைப் பணியாளருக்கு மூச்சு இழுப்பதால் வரும் இழப்புக்கு மட்டும் எந்தப் பேரேட்டிலும் பக்கம் இல்லை. "அவனுக்கு வீசிங், இன்றைக்கு வரமாட்டான்" என்று சொல்லிவிட்டு, இருக்கும் ஆட்களை வைத்து அன்றைய வியாபாரத்தைச் சமாளித்து விடுகிறோம். ஆண்டு முடிவில் அது எவ்வளவு தொகை என்று நாம் கூட்டிப் பார்ப்பதில்லை.

உலக நாடுகள் பல இதைக் கூட்டிப் பார்த்திருக்கின்றன. மருத்துவமனைகளுக்கு ஆகும் செலவு எவ்வளவு, தொழிலுக்கு ஆகும் நட்டம் எவ்வளவு, எதைச் செய்தால் இரண்டும் குறையும் என்பதற்கு இன்று தெளிவான விடைகள் உள்ளன. தானியம், மாவு, மசாலாப் பொருட்கள் கையாளும் வணிகர்களுக்கு இதில் தனியான பொறுப்பும் உண்டு. ஏனெனில் நாம் விற்கும் சரக்கின் தூசியே சிலருக்கு இந்நோயைத் தோற்றுவிக்கிறது. இவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

ஆஸ்துமா என்பது என்ன?

மூக்கிலிருந்து நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் குழாய்கள் மரத்தின் கிளைகள் போலப் பிரிந்து பிரிந்து செல்கின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இக்குழாய்களின் உட்சுவரில் எப்போதும் ஓர் அழற்சி, அதாவது வீக்கம், இருந்துகொண்டே இருக்கிறது. அந்நிலையில் தூசி, புகை, குளிர்காற்று, சளிக் காய்ச்சல் போன்ற ஏதேனும் ஒன்று தூண்டிவிட்டால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சுவர் மேலும் வீங்குகிறது, சளி அடைக்கிறது. மூச்சை வெளியே விட முடியாமல் நெஞ்சு விசில் அடிக்கிறது. இதைத்தான் நம் ஊர்களில் இழுப்பு என்றும் இரைப்பு என்றும் சொல்கிறோம்.

இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். மூச்சுத்திணறல் வந்து போகும். உள்ளிருக்கும் வீக்கம் போவதில்லை. திணறல் இல்லாத நாளில் நோயே இல்லை என்று நினைத்து மருந்தை நிறுத்துவதுதான் பெரும்பாலான துன்பங்களுக்குத் தொடக்கம்.

எத்தனை பேருக்கு?

உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி 2019-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 26 கோடியே 20 லட்சம் பேருக்கு ஆஸ்துமா இருந்தது. அவ்வாண்டில் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் இந்நோயால் இறந்தார்கள். அதே ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வு இந்தியாவில் சுமார் 3 கோடியே 40 லட்சம் பேருக்கு ஆஸ்துமா இருப்பதாக மதிப்பிட்டது. இது உலக நோயாளிகளில் 13 சதவீதம் அளவுதான். ஆனால் ஆஸ்துமாவால் நேரும் மரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் நம் நாட்டில் நேர்கின்றன.

இந்த இரண்டு விகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். நோய் நமக்கு மட்டும் கொடியதாக வரவில்லை. நோயைக் கண்டுபிடிப்பதிலும் முறையாக மருந்து எடுப்பதிலும்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

மருத்துவமனைக்கு ஏறும் சுமை

ஆஸ்துமாவுக்கு ஆகும் மருத்துவச் செலவு இரு வகைப்படும். தினசரி மருந்து, மருத்துவரைப் பார்ப்பது ஆகியவை முதல் வகை. இது சிறிய தொகை, முன்கூட்டியே தெரியும். நள்ளிரவில் மூச்சுமுட்டி அவசரப் பிரிவுக்கு ஓடுவது, ஆக்சிஜன், ஊசி, சில நாட்கள் படுக்கை, சிலருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவை இரண்டாம் வகை. இது பெரிய தொகை. எப்போது வரும் என்று தெரியாது. முதல் செலவை மிச்சம் பிடிக்கிறவர் இரண்டாவது செலவைப் பல மடங்காகக் கட்டுகிறார். பிரீமியம் கட்டாமல் விட்ட கடையில் தீப்பிடித்தது போலத்தான் இது.

அரசு மருத்துவமனைகளின் நிலையும் இதுவே. ஆஸ்துமாவுக்காக வந்து படுக்கும் நோயாளிகளில் பெரும் பகுதியினர் முறையான தினசரி மருந்தால் வராமலே இருந்திருக்கக் கூடியவர்கள். அந்தப் படுக்கையும் மருத்துவரின் நேரமும் விபத்தில் அடிபட்டவருக்கோ பிரசவத்துக்கு வந்தவருக்கோ கிடைத்திருக்க வேண்டியவை.

அமெரிக்காவில் 2013-ஆம் ஆண்டுக்கான செலவை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆஸ்துமாவால் அந்நாட்டுக்கு ஏற்பட்ட மொத்தச் சுமை 8,190 கோடி டாலர். அதில் மருத்துவச் செலவு 5,030 கோடி. அகால மரணங்களால் ஏற்பட்ட இழப்பு 2,900 கோடி. வேலைக்கும் பள்ளிக்கும் வராத நாட்களின் இழப்பு 300 கோடி. கடைசித் தொகை சிறியதாகத் தோன்றலாம். வராத நாட்களை மட்டும் எண்ணியதால் வந்த சிறுமை அது. வேலைக்கு வந்தும் சரியாக வேலை செய்ய முடியாமல் போன நாட்கள் அதில் சேரவில்லை.

தொழிலுக்கு ஏறும் சுமை

தொழில் நட்டம் மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது, விடுப்பு. இது கண்ணுக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் இருக்கும்.

இரண்டாவது, அரை வேலை. ஆள் வந்திருப்பார். ஆனால் இரவு இரண்டு மணிக்கு இருமி எழுந்து, தலையணையை அண்டை கொடுத்து உட்கார்ந்தே விடிய வைத்தவர் காலையில் எப்படி எடை போடுவார்? பில் போடும்போது எண் மாறும். இரண்டு மூட்டை தூக்கியதும் உட்காருவார். மாடிக் கிடங்குக்கு ஏறி இறங்கத் தயங்குவார். பார்ப்பவர்கள் சோம்பேறி என்று சொல்வார்கள். ஆஸ்துமா பற்றிய தொழில்துறை ஆய்வுகள் பலவற்றிலும் விடுப்பால் ஏற்படும் இழப்பைவிட இந்த அரை வேலையால் ஏற்படும் இழப்பே கூடுதலாக இருப்பது தெரிய வந்துள்ளது.

மூன்றாவது, ஆளையே இழப்பது. பத்தாண்டு பழகிய பணியாளருக்கு எந்தச் சரக்கு எந்த மூலையில் இருக்கிறது, எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை நாள் கடன் என்பதெல்லாம் மனப்பாடம். அவர் மூச்சுத் தொல்லையால் வேலையை விட்டுப் போனால் புதிய ஆளைப் பழக்குவதற்கு ஆகும் காலமும் அதுவரை நேரும் தவறுகளும் முதலாளி தலையில்தான் விழும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 600 ரூபாய் சம்பளம் பெறும் பணியாளர் ஒருவர் ஆண்டில் 12 நாள் மூச்சுத்திணறலால் வரவில்லை, சம்பளம் பிடிக்கவில்லை, மாற்று ஆளுக்கு நாளுக்கு 700 ரூபாய் கொடுத்தோம் என்றால் அதிகப்படிச் செலவு 8,400 ரூபாய். இன்னும் 40 நாட்கள் அவர் வந்தும் பாதி வேலைதான் நடந்தது என்றால் இழப்பு 12,000 ரூபாய். மொத்தம் 20,400 ரூபாய். மாதத்துக்கு 1,700 ரூபாய். அவரவர் கடைக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பலருக்குத் தேவைப்படும் தினசரித் தடுப்பு மருந்தின் விலை மாதத்துக்குச் சில நூறு ரூபாய்தான் என்பதை இதன் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். நாள் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்குச் சம்பளம் பிடித்தால் நம் கணக்கில் தொகை குறையும். அந்தத் தொகை அவர் வீட்டு அடுப்பில் குறையும். மருந்து வாங்கப் பணம் இல்லாமல் அவர் மறுபடியும் படுப்பார்.

சரக்குத் தூசியும் ஆஸ்துமாவும்

தானியத் தூசி மூச்சைக் கெடுக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. தொழில்நோய் மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். அதில் தானியம் சலிப்பவர்களையும் அளப்பவர்களையும் பற்றித் தனியாகவே எழுதி, அவர்களுக்கு வரும் இருமலையும் மூச்சுத்திணறலையும் குறித்திருக்கிறார். 1928-இல் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஆமணக்கு எண்ணெய் ஆலை ஒன்றின் அருகே குடியிருந்த பலருக்கு ஆஸ்துமா இருந்ததை ஆராய்ந்த மருத்துவர்கள், ஆமணக்கு விதைத் தூசியே காரணம் என்று காட்டினார்கள்.

இவற்றை எல்லாம்விட வணிகர்கள் அவசியம் அறிய வேண்டியது ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா துறைமுக நகரில் நடந்தது. 1981 முதல் 1987 வரை அந்நகரில் திடீர் திடீரென்று சில நாட்களில் மட்டும் ஆஸ்துமா நோயாளிகள் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் வந்து குவிந்தார்கள். அத்தகைய நாட்கள் 26 என்று பின்னர் கணக்கிடப்பட்டது. காலையில் நலமாக இருந்தவர்கள் சில மணி நேரத்தில் மூச்சுமுட்டி வந்தார்கள், சிலர் இறந்தார்கள். காற்று மாசாக இருக்குமோ, பருவநிலையாக இருக்குமோ என்று பல விதமாக ஆராய்ந்தும் காரணம் பிடிபடவில்லை.

பிறகு ஆய்வாளர்கள் துறைமுகத்தின் சரக்குப் பதிவேடுகளை எடுத்தார்கள். எந்தெந்த நாளில் என்னென்ன சரக்கு இறங்கியது என்று நோய் பரவிய நாட்களுடன் ஒப்பிட்டார்கள். 1985, 1986 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நோய் குவிந்த 13 நாட்களிலும் துறைமுகத்தில் சோயாமொச்சை இறக்கப்பட்டிருந்தது. காற்று துறைமுகத்திலிருந்து நகரை நோக்கி மெதுவாக வீசிய நாட்கள் அவை. ஒரு தானியக் கிடங்குக் கோபுரத்தின் உச்சியில் தூசியைப் பிடிக்கும் துணிப்பை வடிகட்டி பொருத்தப்படவில்லை. சோயாத் தூசி அதன் வழியே வெளியேறி ஊர் முழுதும் பரவியிருக்கிறது. 1989-இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. வடிகட்டி பொருத்தி, இறக்கும் முறையைச் சீர்செய்த பிறகு அத்தகைய பெருந்தாக்குதல்கள் பெரிதும் ஓய்ந்தன.

ஓர் ஊரின் மருத்துவமனைகள் ஆண்டுக்கணக்கில் பட்ட பாட்டுக்கு விடை, சரக்கு இறக்கும் இடத்தில் ஒரு வடிகட்டியாக இருந்தது. நோயாளிக்கு எத்தனை மருந்து கொடுத்தாலும் தூசி வெளியேறும் வாய் திறந்திருக்கும் வரை கூட்டம் வந்துகொண்டே இருந்திருக்கும்.

நம் கடைகளில் எவை?

பார்சிலோனாவில் சோயா என்றால், நம் மண்டிகளிலும் மளிகைக் கடைகளிலும் கோதுமை மாவு, மைதா, கடலை மாவு, தவிடு, தானியத் தூசி, பூண்டுத் தூள் ஆகியவை இருக்கின்றன. மாவுத் தூசியால் வரும் ஆஸ்துமா ரொட்டித் தொழிலாளர்களிடம் மிகப் பழக்கமானது, உலகெங்கும் அறியப்பட்டது. வற்றல் மிளகாய் நெடி வேறு வகை. அது ஒவ்வாமையை உண்டாக்காவிட்டாலும் மூச்சுக்குழலை எரித்து, ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பைத் தூண்டிவிடும். பழைய தானியத்தில் பெருகும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள், மழைக்காலத்தில் கிடங்குச் சுவரில் பூக்கும் பூஞ்சை, கரப்பான் பூச்சியின் எச்சம், எலிப் புழுக்கை ஆகியவையும் ஆஸ்துமாவைத் தூண்டுபவையே. வெள்ளிக்கிழமை மாலை கதவைப் பாதி சாத்திக்கொண்டு போடும் சாம்பிராணிப் புகையும், கல்லாவின் கீழே கொளுத்தி வைக்கும் கொசுவர்த்தியும், கடைவாசலில் நின்று பிடிக்கும் சிகரெட்டும் இந்தப் பட்டியலில் சேரும்.

பெரியவர்களுக்கு வரும் ஆஸ்துமாவில் ஆறில் ஒரு பங்குக்கு வேலையிடத்தில் உள்ள பொருள் காரணமாகிறது என்று அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள் 2019-இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்களின் தொழில்நோய்ப் பட்டியலிலும் வேலையால் வரும் ஆஸ்துமா இடம்பெற்றுள்ளது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. வேலை நாட்களில் இருமலும் இழுப்பும் கூடி, வார விடுமுறையிலோ ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்தபோதோ குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள் அதே மாவில் புழங்கிய பிறகே இது தொடங்கும். "இருபது வருஷமா இதே மாவுதானே, இப்போ என்ன புதுசா" என்று ஒதுக்கக்கூடாது. தொடக்கத்திலேயே தூசியிலிருந்து விலக்கினால் பலர் நலமடைகிறார்கள். காலம் கடத்தினால் வேலையை விட்ட பிறகும் நோய் விடாது.

ஃபின்லாந்து காட்டிய கணக்கு

செலவு செய்தால் உண்மையில் மிச்சம் ஆகுமா என்று கேட்பது வணிகரின் உரிமை. அதற்கு விடை சுமார் 50 லட்சம் மக்கள் கொண்ட ஃபின்லாந்து நாட்டில் இருக்கிறது. ஆஸ்துமா நோயாளிகள் பெருகிக்கொண்டே போனதைக் கண்ட அந்நாடு 1994-இல் பத்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. புதிய மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது, வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை முதல் நாளிலிருந்தே கொடுப்பது, நோயாளிக்கே தன் நோயைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது ஆகிய மூன்றுதான் அடிப்படை. ஊர்ச் சுகாதார நிலையங்களில் இதற்கெனப் பொறுப்பு மருத்துவரும் செவிலியரும் நியமிக்கப்பட்டார்கள். மருந்துக் கடைகளையும் விட்டுவிடவில்லை. கடைக்கு ஒரு மருந்தாளுநர் பயிற்சி பெற்று, இன்ஹேலரை எப்படிப் பிடிப்பது, எப்படி இழுப்பது என்று வாடிக்கையாளருக்குக் காட்டினார்.

1993-இல் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனைப் படுக்கையில் கழிந்த நாட்கள் 1,10,000. 2003-இல் அது 51,000 ஆகக் குறைந்தது. நோயாளிகளின் எண்ணிக்கை அந்தப் பத்தாண்டில் கூடியிருந்தும் இப்படி. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு 1,611 யூரோவிலிருந்து 1,031 யூரோவாக, அதாவது 36 சதவீதம் இறங்கியது. மருந்துக்கான செலவு கூடியது உண்மை. மருத்துவமனைச் செலவும் வேலை இழப்பும் அதைவிடப் பெரிய அளவில் குறைந்ததால் மொத்தத்தில் லாபம்.

நம் உறுப்பினர்களில் மருந்து வணிகர்கள் பலர் உள்ளனர். இன்ஹேலரை உறையில் போட்டுக் கொடுப்பதோடு நிற்காமல், பயன்படுத்தும் முறையை ஒரு நிமிடம் காட்டினால் அவர்கள் செய்யும் தொண்டு எவ்வளவு பெரிது என்பதற்கு ஃபின்லாந்தே சான்று.

இரண்டு மருந்து, இரண்டு வேலை

ஆஸ்துமா மருந்துகளைப் பற்றி நம் மக்களிடையே குழப்பம் அதிகம். இவற்றைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, தசையைத் தளர்த்தி உடனே மூச்சு விட வைக்கும் நிவாரணி. மற்றொன்று, உள்வீக்கத்தைக் குறைக்கும் தடுப்பு மருந்து. நிவாரணி ஐந்து நிமிடத்தில் சுகம் தருவதால் அதுவே போதும் என்று பலர் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளே வீக்கம் வளர்ந்துகொண்டே போகிறது. வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு அசலைக் கூட விடுவது போன்றது இது.

இங்கிலாந்தில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். மரணத்தின்போது நிவாரணி எடுத்து வந்தவர்களில் 39 சதவீதத்தினர் அதற்கு முந்தைய ஓராண்டில் 12-க்கும் மேற்பட்ட நிவாரணி இன்ஹேலர்களைப் பெற்றிருந்தார்கள். நிவாரணி மட்டும் அடிக்கடி தேவைப்படுவது ஆபத்தின் அறிகுறி என்பது இதனால் விளங்கும். ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் ஜினா அமைப்பு 2019 முதல் பெரியவர்களுக்கு நிவாரணியை மட்டும் தனியாகக் கொடுக்கும் முறையைப் பரிந்துரைப்பதில்லை. வீக்கம் குறைக்கும் மருந்து சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறது. இரண்டும் கலந்த ஒரே இன்ஹேலரும் இன்று கிடைக்கிறது.

"இன்ஹேலர் எடுத்தால் பழகிவிடும்", "அது கடைசிக் கட்டத்துக்கு", "ஸ்டீராய்டு உடம்பைக் கெடுக்கும்" என்பன நாம் அடிக்கடி கேட்பவை. இன்ஹேலரில் மருந்து நேராக மூச்சுக்குழலுக்குப் போவதால் மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதும். அதற்கு அடிமையாவது கிடையாது. இன்ஹேலருக்குப் பயந்து, மாதந்தோறும் ஊசியும் ஸ்டீராய்டு மாத்திரையும் போட்டுக்கொள்பவர்தான் உண்மையில் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார். தடுப்பு மருந்தை இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

முதலாளிகள் செய்யக்கூடியவை

1. காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவதைக் கூடிய வரை தவிர்க்கவும். கிடங்கு, மாவுப் பகுதிகளை ஈரத்துணியால் துடைக்கவோ தூசி உறிஞ்சும் கருவியால் எடுக்கவோ செய்யலாம். காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவது தூசியை மூக்குக்கே அனுப்புவதாகும்.

2. காலிச் சாக்குகளைக் கடைக்குள் உதறக்கூடாது. மாவுப் பையைக் கொட்டும்போது உயரத்திலிருந்து கொட்டாமல் பாத்திரத்தின் அருகே தாழ்த்திப் பிடித்து மெதுவாகக் கவிழ்க்க வேண்டும்.

3. மிளகாய் புடைப்பது, சலிப்பது, அரைப்பது ஆகியவற்றைத் தனி இடத்தில், காற்று வெளியேற்றும் விசிறி வைத்துச் செய்யவும். அந்த விசிறி பக்கத்துக் கடைக்காரர் மூக்கை நோக்கி இருக்கக்கூடாது.

4. தூசி வேலை செய்பவருக்கு என்-95 வகை முகக்கவசம் கொடுக்கவும். கைக்குட்டை கட்டுவது நுண்தூசியைத் தடுக்காது. முகக்கவசம் கடைசிக் காப்புதான். தூசியைக் குறைப்பதே முதல் வேலை.

5. ஒழுகும் கூரையையும் ஈரச் சுவரையும் மழைக்காலத்துக்கு முன்பே சரிசெய்யவும். மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்கினால் சரக்கும் கெடாது, பூஞ்சையும் பிடிக்காது. கரப்பானும் எலியும் சரக்குக்கும் எதிரி, மூச்சுக்கும் எதிரி.

6. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் பணியாளரை மருத்துவரிடம் அனுப்பவும். காசநோயும் அவ்வாறே தொடங்கும் என்பதால் பரிசோதனை அவசியம்.

7. நோய் உள்ளவரை மாவுப் பகுதியிலிருந்து பில் போடும் இடத்துக்கோ வெளி வசூலுக்கோ மாற்றவும். சம்பளத்தைக் குறைக்காமல் மாற்ற வேண்டும்.

8. தகுதியுள்ள கடைகள் பணியாளரை இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்க்கவும். மருத்துவ வசதியோடு, நோய்க் காலத்தில் உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் உதவித்தொகையும் உண்டு.

ஏழாவது யோசனையை மீண்டும் வலியுறுத்துகிறோம். இழுப்பு இருப்பதைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் கடைப் பணியாளரிடையே ஆழமாக இருக்கிறது. அதனால்தான் இன்ஹேலரை இடுப்பில் ஒளித்துவைத்து, கழிவறையில் போய் இழுத்துவிட்டு வருகிறார்கள். சிலர் அதையும் வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். மூட்டை அடுக்கின் பின்னால் ஒருவருக்கு மூச்சு முட்டும்போது கையில் மருந்து இல்லாமல் போவது இப்படித்தான். "இழுப்பு இருக்கிறவர் சொல்லலாம், வேலைக்கு ஆபத்து வராது" என்று முதலாளி தன் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால் ஓர் உயிரே தப்பக்கூடும்.

திடீரென்று மூச்சு முட்டினால்

அவரைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைக்கவும். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்கி, தூசியும் புகையும் இல்லாத இடத்துக்கு அழைத்துச் செல்லவும். அவருடைய நிவாரணி இன்ஹேலரை, மருத்துவர் சொன்ன முறைப்படி, ஒவ்வொரு இழுப்பாகக் கொடுக்கவும். ஒரு முழு வாக்கியம் பேச முடியாமை, உதடும் நகமும் நீலம் பாய்தல், மயக்கம், மருந்து எடுத்தும் குறையாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் 108-ஐ அழைத்துவிட வேண்டும். "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று காத்திருக்கக்கூடாது. மேற்சொன்ன இங்கிலாந்து ஆய்வில் இறந்தவர்களில் 45 சதவீதத்தினர் மருத்துவ உதவியை நாடாமலோ, அது கிடைக்கும் முன்போ இறந்திருந்தார்கள்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

நமது வட்டாரச் சங்கங்கள் கண் பரிசோதனை முகாமும் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை முகாமும் நடத்தி வருகின்றன. அவற்றோடு மூச்சுத்திறன் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்பைரோமீட்டர் கருவியில் ஊதச் செய்து சில நிமிடங்களில் அறிந்துவிடலாம். மண்டித் தெரு, மாவு மில், மசாலா அரவை நிலையம் ஆகியவற்றின் பணியாளருக்கும் சுமைதூக்கும் தோழர்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும். ஆண்டுதோறும் மே மாதம் முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. முகாம் நடத்த அது பொருத்தமான நாள்.

அதற்கு முன்பாக ஒவ்வொரு முதலாளியும் இன்று மாலை கடை சாத்தும்போது ஒரு காரியம் செய்யலாம். வருகைப் பதிவேட்டை எடுத்து, கடந்த ஓராண்டில் மூச்சுத் தொல்லையால் எத்தனை நாள் எவர் வரவில்லை என்று கூட்டி, ஒரு தாளில் எழுத வேண்டும். அவர்கள் கடையில் எந்தப் பகுதியில் வேலை செய்கிறார்கள் என்றும் பக்கத்தில் குறிக்க வேண்டும். பெயர்கள் எல்லாம் ஒரே பகுதியைக் காட்டுமானால், தூசி எங்கிருந்து வருகிறது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். பார்சிலோனாவிலும் பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் உண்மையைக் கண்டார்கள்.